சேவல் கொண்டையும் முழங்கால் ஊசியும்

கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "முட்டித் தேய்மானத்துக்கு ஜெல் ஊசி போடலாம் என்கிறார் டாக்டர். அது சேவல் கொண்டையிலிருந்து எடுப்பதாமே? நான் சுத்த சைவம்."

உண்மைதான் டீச்சர், சில ஊசிகள் அப்படித்தான். மற்றவை பாக்டீரியாவை நொதிக்க வைத்து எடுப்பவை. உங்களுக்கு எது என்று டாக்டரிடமே கேளுங்கள். முட்டை, கோழி ஒவ்வாமை உள்ளவர்களும் கட்டாயம் கேட்க வேண்டும்.

அந்தப் பொருளின் பெயர் ஹயலூரோனிக் அமிலம். 1934இல் நியூயார்க்கில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டுக் கண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஸ் சேவல் கொண்டையிலிருந்து எடுத்து, மருந்தாகும் அளவுக்குச் சுத்திகரித்தார். பந்தயக் குதிரைகளின் மூட்டுகளிலும் போட்டுப் பார்த்தார்கள். மனிதர் முழங்காலுக்கு அமெரிக்கா அனுமதி தந்தது 1997இல்.

நம் முட்டிக்குள் இதே பொருள் கலந்த திரவம் சில மில்லிலிட்டர் இயற்கையாகவே இருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். மெதுவாக நடந்தால் எண்ணெய்போல வழுக்கிக் கொடுக்கும். படியிலிருந்து தடாலென்று இறங்கினால் அந்தக் கணமே ஸ்பிரிங்போல விறைத்து அதிர்ச்சியைத் தாங்கும். தேய்மானத்தில் இது நீர்த்துவிடுகிறது.

ஊசியை 'கிரீஸ் போடுவது' என்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் ஊர்க் கிணற்று உருளைக்கு ஒருமுறை கிரீஸ் தடவினால் மாதக்கணக்கில் முனகாது. ஜெல்லோ சில நாளிலோ வாரத்திலோ மூட்டைவிட்டுப் போய்விடும். தேய்ந்த குருத்தெலும்பை வளர்க்காது. வலி குறைந்தவர்கள் உண்டு. ஆனால் வெறும் உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் வித்தியாசம் சிறிதாகவே இருந்தது.

ஸ்டீராய்டு ஊசி வேறு. வேகமாகக் கேட்கும், சில வாரம் நிற்கும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 140 பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் ஸ்டீராய்டு ஊசியோ உப்புநீர் ஊசியோ போட்டார்கள். ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு உப்புநீர்க்காரர்களைவிடக் குருத்தெலும்பு கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலியில் பெரிய வித்தியாசமில்லை. என் அம்மாவுக்கு இந்த ஊசி போட்டபோது சர்க்கரை எகிறியது. சில நாள் அப்படி ஏறும் என்று முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் பதறியிருக்க மாட்டோம்.

எனக்கு வருத்தமெல்லாம், ஊசிக்குப் பணம் கட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தொடைப் பயிற்சி சொல்லித்தரப்படுகிறது என்பதுதான். உடல் பருத்தவர்கள் ஒரு கிலோ இளைத்தால், ஒவ்வொரு அடியிலும் முட்டிமேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறையும். வலி தணிந்திருக்கும் வாரங்கள்தான் பயிற்சிக்கு நல்ல வேளை. அம்மா கட்டிலில் காலை நீட்டி, முட்டிக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, ஐந்து எண்ணும்வரை அழுத்துவாள். ஒரு காலுக்குப் பத்துமுறை. தொடைச் சதை இறுகுவது புடவைக்கு மேலேயே தெரியும்.