தும்பிக்கை வச்ச எழுத்து

போன மாதம் தாத்தாவின் பழைய புத்தகத்தைப் புரட்டினேன். ‘மலை’, ‘யானை’ எல்லாம் விநோதமா இருந்தது. “தாத்தா, பூரா அச்சுப்பிழை!”ன்னு சிரிச்சேன். அவர் முகம் வாடிப்போச்சு. “பிழை இல்லப்பா, நாங்க படிச்ச எழுத்தே இதுதான்” என்றார்.

தமிழ் ஐயாவிடம் கேட்டேன். அந்தக் காலத்தில் ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்னால் ஐகாரக் கொம்பு தனியாக நிற்காது. எழுத்தின் தலையிலேயே யானைத் தும்பிக்கை போல ஒரு சுழி இருக்கும். ணா, றா, னா மூன்றிலும் துணைக்கால் எழுத்தோடு ஒட்டிக் கீழே சுருண்டிருக்கும். ணொ, ணோ போன்றவையும் அப்படியே. மொத்தம் 13 எழுத்துகள். இவற்றுக்காக அச்சகத்தில் தனி அச்சுகள் வேணும். பெரியார் 1935-லேயே ‘குடி அரசு’ இதழில் எளிய வடிவத்தைக் கொண்டுவந்தார். 1978-ல் தமிழக அரசு ஆணையிட்டு ஏற்றது. அச்சு வேலையும் கற்பதும் சுலபமாச்சு.

ஆனால் அதற்கு முன் வந்த எத்தனையோ புத்தகங்கள் பழைய எழுத்தில்தான் இருக்கு. அந்த ஏழெட்டு வடிவம் பழகினால் போதும், எல்லாம் படிக்கலாம். எனக்கு ரெண்டே நாள்தான் ஆச்சு.

தாத்தாவுக்கு இப்போ கண் மங்கல். தினம் சாயங்காலம் அந்தப் புத்தகத்தை நான்தான் வாசிக்கிறேன். உங்க வீட்டுப் பரணிலும் பாருங்களேன்!