டிம் அடிக்கும் கை

தொப்பூர் கணவாயில் இருவழிச் சாலை மட்டும் இருந்த நாட்களில், எதிரே வண்டி வருவதை முதலில் சொன்னது பாறைதான். வளைவுக்கு அப்பால் ஏறிவரும் லாரியின் வெளிச்சம் மலைச்சரிவில் ஊர்ந்து நகரும். அதைக் கண்டதுமே இந்தப் பக்கத்து டிரைவர் டிம் அடித்துவிடுவார். பழைய அம்பாசடரில் அதற்கான சுவிட்ச் தரையில், கிளச்சுக்குப் பக்கத்தில் இருந்தது. இடது காலால் ஒரு மிதி, அவ்வளவுதான். எதிரே வருபவர் தன் விளக்கை இறக்கவில்லையென்றால் ஒருமுறை ஏற்றி இறக்கி நினைவூட்டுவார்கள். கண் கூசும் அந்தச் சில நொடிகளில் சாலையோரம் தெரியாது. லாரியில் கிளீனர் இடதுபக்கம் எட்டிப் பார்த்து வழி சொல்வார்.

விளக்கும் அன்று அடக்கமானது. 60 வாட் ஹை பீம், 55 வாட் லோ பீம், மஞ்சள் ஒளி. நடுவில் போலீசார் ஒட்டிய கறுப்புப் பொட்டு வேறு. 8 மீட்டர் முன்னால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை ஹெட்லைட் கூச வைக்கக் கூடாது என்று 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் அளவுபோட்டே சொல்கின்றன. எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்போம்?

இன்று அந்தக் கணவாய் வழியே போகும் தேசிய நெடுஞ்சாலை 44 நான்கு வழி. நடுவில் வளர்த்திருக்கும் அரளி அழகுக்காக மட்டுமல்ல, எதிர்வெளிச்சத்தை மறைக்கவும்தான். தொப்பூரில் இப்போது நெஞ்சைப் பதறவைக்கும் விபத்துகள் பெரும்பாலும் இறக்கத்தில் கட்டுப்பாடிழக்கும் லாரிகளால் நேர்பவை. அவற்றுக்கு விளக்கைக் குறைசொல்வது நியாயமல்ல.

காரின் விளக்கோ எங்கேயோ போய்விட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கூடவே திரும்பும் விளக்கை 1967லேயே பிரான்சின் சிட்ரோயன் டிஎஸ் காரில் பொருத்திவிட்டார்கள். 2013இல் ஆடி ஏ8 அடுத்த படிக்குத் தாவியது. அதில் பல எல்இடிகள். முன்கண்ணாடியில் ஒரு கேமரா. எதிர்வண்டி இருக்கும் திசைக்கான எல்இடிகள் மட்டும் அணையும், மற்றவை ஹை பீமிலேயே எரியும். அமெரிக்கா இதை அனுமதித்ததே 2022இல்தான். ஹை பீமைத் தானாக இறக்கி ஏற்றும் எளிய வசதி நம்மூர்க் கார்கள் சிலவற்றிலும் வந்துவிட்டது. நல்ல கண்டுபிடிப்பு, சந்தேகமில்லை.

ஆனால் பென்னாகரம் சாலையில் ராத்திரி போய்ப் பாருங்கள். ஹாலஜனுக்காக வடிவமைத்த குடுவைக்குள் கடையில் வாங்கிய வெள்ளை எல்இடியை மாட்டிக்கொண்டு வண்டிகள் வருகின்றன. இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒளி பிறக்காததால் அது கண்டபடி சிதறுகிறது. டிம் அடித்தாலும் கூசுகிறது. வயதானவர் கண் அதிலிருந்து மீள அதிக நேரம் ஆகும். மொபெட்டில் காய்கறி மூட்டையோடு சந்தைக்குப் போகும் பெரியவரை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

எதிர்வண்டிக்கேற்பத் தானாக மாறும் அடாப்டிவ் விளக்குக்கும் ஒரு குறை உண்டு. அதன் கேமரா பெரும்பாலும் தேடுவது மற்ற வண்டிகளின் வெளிச்சத்தை. விளக்கில்லாத சைக்கிளும் நடந்து வருபவரும் அதன் கணக்கில் வராமல் போகலாம். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் காட்டுப்பாதையில் யானைகள் கடக்கும். யானைக்காக எந்தக் காரும் தானாக டிம் அடிப்பதில்லை. அந்த வளைவுகளில் தானியங்கி ஹை பீம் வசதியை அணைத்துவிட்டு, கையாலேயே விளக்கை இறக்கி, மெதுவாக ஓட்டுங்கள்.