முள்ளங்கி கொடுத்து வாங்கிய உரம்!

முள்ளங்கி விற்பவர் வாசலுக்கு வந்தால் என்ன செய்வோம்? பேரம் பேசுவோம். காசு கொடுப்போம். முள்ளங்கியை வாங்கிக்கொள்வோம். இதுதான் ஊர் வழக்கம்.

ஆனால் ஒரு நகரத்தில் இந்த வழக்கம் தலைகீழாக இருந்தது. விவசாயி முள்ளங்கியும் கத்தரிக்காயும் சுமந்துகொண்டு நகரத்துக்கு வருவார். ஒரு வீட்டில் அவற்றை இறக்கி வைப்பார். காசு கேட்கமாட்டார். நேராகக் கொல்லைப்புறம் போவார். அந்த வீட்டுக் கக்கூஸில் சேர்ந்திருப்பதை இரண்டு வாளிகளில் அள்ளுவார். காவடி போல் தோளில் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். அவர் இறக்கி வைத்த முள்ளங்கிதான் அதற்கு விலை!

அந்த நகரத்தின் பெயர் எடோ. இன்று உலகம் அதை டோக்கியோ என்று அழைக்கிறது.

சாக்கடை இல்லாத பெருநகரம்

1603 முதல் 1868 வரை டோக்குகாவா வம்சத்து ஷோகன்கள் எடோவில் இருந்துகொண்டு ஜப்பானை ஆண்டார்கள். 18-ம் நூற்றாண்டில் அந்நகரத்தின் ஜனத்தொகை சுமார் 10 லட்சம். அன்றைய உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் அதுவும் ஒன்று.

பத்து லட்சம் பேருடைய கழிவை நாள்தோறும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பாதாளச் சாக்கடை கிடையாது. ஆனாலும் எடோக்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மற்ற நகரங்கள் ஆற்றில் கொட்டிய பொருளை அவர்கள் விற்றுவிட்டார்கள்!

ஜப்பானில் ஆடு மாடுகள் குறைவு. ஆகவே சாணி உரத்துக்குப் பஞ்சம். நெல்லுக்கும் காய்கறிக்கும் உரமில்லாமல் முடியுமா? நகரத்துக் கக்கூஸே கிராமத்து விவசாயிக்கு எருக்குழி ஆயிற்று. நகரத்துக்குக் கிழக்கே இருந்த கசாய் கிராமங்களுக்குக் கால்வாய்களின் வழியே படகு படகாக உரம் போயிற்று.

வெளிநாட்டார் இதைக் கண்டு மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். எடோ பெருநகரமாவதற்கு முன்பே, 1585-ம் ஆண்டில், ஜப்பானில் வாழ்ந்த போர்த்துகீசியப் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோயிஸ் இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஐரோப்பாவில் கழிவை அப்புறப்படுத்துகிறவனுக்குக் கூலி கொடுக்கிறார்கள்; ஜப்பானிலோ அரிசியும் பணமும் கொடுத்து அதை வாங்கிப் போகிறார்கள் என்பது அவர் கண்ட வேற்றுமை.

ஐரோப்பாவின் நிலை என்ன ஆயிற்று? லண்டன் நகரம் தன் கழிவையெல்லாம் தேம்ஸ் நதியில் விட்டது. 1858-ம் ஆண்டுக் கோடையில் நதி நாறியது. பார்லிமெண்டுக் கட்டிடத்தின் திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் அங்கத்தினர்களால் உட்கார முடியவில்லை. சரித்திரத்தில் அதற்குப் 'பெரும் நாற்றம்' என்றே பெயர்!

பங்காளிச் சண்டை

எடோவில் ஏழை ஜனங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்தார்கள். பல குடித்தனங்களுக்குப் பொதுவாக ஒரு கக்கூஸ். அதில் சேர்வதை விற்ற பணம் குடியிருந்தவர்களுக்குக் கிடைக்காது. வரிசை வீடுகளைக் கவனித்துக்கொண்ட மேற்பார்வையாளருக்கே போய்ச் சேரும்.

ஒசாகா நகரத்தில் பாகப்பிரிவினையே இருந்தது. மலம் வீட்டுச் சொந்தக்காரருக்கு, சிறுநீர் குடியிருப்பவர்களுக்கு! குடியிருப்பவர்களின் எண்ணிக்கை குறைந்தால் மிச்சமிருப்பவர்களின் வாடகை உயர்ந்துவிடும். ஆள் குறைந்தால் உரம் குறையும், வருமானமும் குறையும் அல்லவா?

இதிலும் தராதரம் உண்டு. பிரபுக்களின் மாளிகையிலிருந்து வரும் சரக்குக்கு மதிப்பு அதிகம். வயிறாரச் சாப்பிடுகிறவர்களின் கழிவில் சத்தும் கூடுதல் என்பது விவசாயிகளின் கணக்கு.

நாளாக ஆகக் கிராக்கி ஏறியது. 18-ம் நூற்றாண்டில் காய்கறி போதாது, வெள்ளிக் காசு வேண்டும் என்று நகரத்தார் கேட்க ஆரம்பித்தார்கள். ஏழை விவசாயிகள் திணறினார்கள். திருட்டும் நடந்தது, திருடியவர்களுக்குச் சிறைவாசம் கிடைத்தது. 1724-ம் ஆண்டில், ஒசாகாவில் எந்தப் பகுதிக் கழிவு யாருக்கு என்பதில் இரண்டு கிராமக் கூட்டங்களுக்குள் பெரிய தகராறே மூண்டது. நம் ஊரில் வாய்க்கால் தண்ணீருக்கு அடித்துக்கொள்வதைப் போல, அங்கே இதற்கு அடித்துக்கொண்டார்கள்!

பயிருக்கு என்ன லாபம்?

ஜப்பானிய விவசாயி அனுபவத்தில் கண்டதை விஞ்ஞானிகள் பிற்பாடு கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

வளர்ந்த ஒருவர் உண்ணும் உணவிலுள்ள சத்துக்களில் பெரும் பகுதி உடம்பில் தங்குவதில்லை, வெளியே வந்துவிடுகிறது. பயிருக்கு முக்கியமான தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் அதில் உண்டு. ஒருவருடைய சிறுநீரில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 4 கிலோ தழைச்சத்து இருக்கக்கூடும். மலத்தில் மணிச்சத்தும், மண்ணைப் பொலபொலப்பாக்கும் மக்குப் பொருளும் இருக்கின்றன.

இதில் மணிச்சத்து விஷயம் கவனிக்க வேண்டியது. தழைச்சத்தைத் தொழிற்சாலையில் காற்றிலிருந்து பிடித்துவிடலாம். மணிச்சத்தை அப்படிப் பிடிக்க முடியாது. பாறையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். நம் நாடு அந்தப் பாறையையும் அதிலிருந்து செய்த உரத்தையும் பெருமளவு வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. கப்பலில் காசு கொடுத்து இறக்குவதில் ஒரு பங்கைச் சாக்கடையில் விட்டுவிடுகிறோம்.

அப்படியானால் நாளைக்கே தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்டிவிடலாமா? கூடாது! ஜப்பானின் கதையில் இரண்டாவது பாகம் ஒன்று இருக்கிறது.

வயிற்றுக்குள் வந்த விருந்தாளி

ஜப்பானிய விவசாயிகள் நரகலை அப்படியே வயலில் இடவில்லை. வயலோரத்தில் குழி வெட்டி அல்லது தொட்டி புதைத்து, அதில் சில காலம் ஊறவைத்தார்கள். பிறகு தண்ணீர் கலந்து பயிருக்கு விட்டார்கள். ஆனால் அந்த 'சில காலம்' எல்லோரிடத்திலும் போதுமானதாக இருக்கவில்லை.

மனிதக் குடலில் வாழும் நாக்குப்பூச்சியின் முட்டை கெட்டியான ஓடு உள்ளது. ஈர மண்ணில் அது வருஷக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. மலத்தோடு வயலுக்குப் போகும்; கீரையிலும் முள்ளங்கியிலும் ஒட்டிக்கொள்ளும்; சரியாகக் கழுவாமல் தின்றவரின் வயிற்றுக்குத் திரும்பிவரும். உரம் சுற்றிய அதே வட்டத்தில் பூச்சியும் சுற்றியது.

1927-ம் ஆண்டில் ஜப்பானிய உள்நாட்டு இலாகா இதற்கு ஒரு வழி சொல்லியது. கக்கூஸுக்கு அடியில் பல அறைகள் கொண்ட தொட்டி. கழிவு ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு மெல்ல நகர்ந்து கடைசி அறைக்கு வர மூன்று மாதங்கள் பிடிக்கும். அதற்குள் கிருமிகளும் முட்டைகளும் மடிந்துவிடும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். ஆனால் நாடு முழுவதும் அது பரவவில்லை.

பிறகு உலக யுத்தம் வந்தது. லாரிகளுக்குப் பெட்ரோல் இல்லை. 1944-ல் டோக்கியோவின் கழிவைக் கிராமங்களுக்கு ரெயிலிலேயே ஏற்றி அனுப்பினார்கள்! யுத்தம் முடிந்து ஜப்பானுக்கு வந்த அமெரிக்கப் படையினர் அந்த மண்ணில் விளைந்த பச்சைக் காய்கறியைத் தொடவே பயந்தார்கள். டோக்கியோவுக்கு அருகில் சோஃபு என்னும் இடத்தில் மண்ணே இல்லாமல், சத்து கலந்த தண்ணீரிலேயே தங்களுக்கு வேண்டிய காய்கறியை வளர்த்துக்கொண்டார்கள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த ஆண்டுகளில் ஜப்பானியர்களில் பாதிப் பேருக்கு மேல் வயிற்றில் நாக்குப்பூச்சி இருந்தது. அதிகமாக வாடியவர்கள் குழந்தைகள். உண்ட சோற்றில் பூச்சிக்கு ஒரு பங்கு போயிற்று. 1958-ல் பள்ளிக்கூடச் சுகாதாரச் சட்டம் வந்தது. பிள்ளைகளின் மலத்தைப் பரிசோதிப்பது கட்டாயமாயிற்று. மருந்தும், ரசாயன உரமும், பாதாளச் சாக்கடையும் சேர்ந்துகொள்ள, பூச்சி மறைந்தது. 2016-ல் அந்தப் பரிசோதனையே தேவையில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

உரம் மண்ணுக்கு நல்லதாகவே இருந்தது. ஆனால் ஆற வேண்டிய காலம் ஆறாமல் போனதற்குக் குழந்தைகளின் வயிறு விலை கொடுத்தது.

காலமே மருந்து

எவ்வளவு காலம் ஆறினால் போதும்? உலகச் சுகாதார ஸ்தாபனம் 2006-ல் வெளியிட்ட வழிகாட்டிகளில் இதற்குக் கணக்கு உண்டு. நம் நாட்டைப் போன்ற வெப்பமான பிரதேசத்தில், புதிதாக எதுவும் சேராமல் ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடக்க வேண்டும். குளிர்ப் பிரதேசமானால் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை. ஈரமில்லாமல் கிடப்பது மேலும் நல்லது. நிலத்தில் இட்ட பிறகும் அறுவடைக்கு ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்.

'எதுவும் சேராமல்' என்ற இடத்தில்தான் சூட்சுமம். ஒரே குழியானால் தினமும் புதிது சேர்ந்துகொண்டே இருக்கும். அடியில் உள்ளது பழையது, மேலே உள்ளது நேற்றையது. அதை அள்ளினால் நோயையும் சேர்த்துத்தான் அள்ள வேண்டும். மூடிய செப்டிக் டாங்கியிலிருந்து எடுக்கும் சேறும் இப்படித்தான். அது எரு அல்ல, வெறும் கழிவு.

இதற்கு இந்தியாவில் கண்ட விடை இரட்டைக்குழிக் கக்கூஸ். 1970-ல் சுலப் ஸ்தாபனத்தைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாடக் இதை நாடெங்கும் பிரபலமாக்கினார். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழிகள். கழிவு முதலில் ஒரு குழிக்குப் போகும். ஒரு குடும்பத்துக்கு அது நிறையச் சில ஆண்டுகள் ஆகும். நிறைந்ததும் அதை மூடிவிட்டு, கழிவை இரண்டாவது குழிக்குத் திருப்ப வேண்டும். தண்ணீர் மண்ணில் வடிந்துவிடும். இரண்டாவது குழி நிறைவதற்குள் முதல் குழியில் இருப்பது மக்கி, காய்ந்து, தூளாகிவிடும். ஒரு நிபந்தனை: கிணற்றுக்கு அருகிலும், நிலத்தடி நீர் மேலாக நிற்கும் இடத்திலும் இந்தக் குழி கூடாது.

குழிக்குள் இறங்கிய காரியதரிசி

2017 பிப்ரவரியில் தெலங்கானாவின் வாரங்கல் பகுதியிலுள்ள கங்காதேவிபள்ளி கிராமத்தில் ஒரு காட்சி. மத்திய அரசாங்கத்தின் குடிநீர், சுகாதார இலாகா காரியதரிசி பரமேஸ்வரன் ஐயர் இப்படி ஆறிய ஒரு குழிக்குள் இறங்கினார். உள்ளே இருந்ததை அள்ளி வெளியே எடுத்தார். காப்பித்தூள் போல் இருந்தது அந்த எரு! நாற்றம் இல்லை. சுற்றிலும் நின்ற பல ராஜ்யங்களின் அதிகாரிகளும் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

டில்லி அதிகாரி ஒருவர் எருக்குழியில் இறங்குவது எதற்காகப் பெரிய செய்தியாக வேண்டும்? அதற்குக் காரணம் எருவல்ல, ஜாதி.

எடோவில் கழிவை அள்ளியவர் அதை விலை கொடுத்து வாங்கிய விவசாயி. பொருளும் அவருடையது, விளைச்சலும் அவருடையது. நம் நாட்டில் அந்த வேலையைப் பிறப்பின் பேரில் சில ஜாதியாரின் தலையில் சுமத்தினோம். அவர்களுக்கு எருவும் இல்லை, நிலமும் இல்லை. கிடைத்தது தீட்டுப் பட்டம் ஒன்றுதான். 1993-லும் பிறகு 2013-லும் இதைத் தடுக்கச் சட்டங்கள் வந்தன. ஆனாலும் செப்டிக் டாங்கியில் இறங்கியவர்கள் விஷவாயு தாக்கி மாண்ட செய்தி இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

2013-ம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு விஷயம் சிந்திக்கத்தக்கது. முழுவதும் மக்குவதற்கு முன் மனிதக் கழிவைக் கையாளவைப்பதையே அது குற்றமாக வரையறுக்கிறது. விஞ்ஞானம் கிழித்த கோடும் சட்டம் கிழித்த கோடும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மக்குவதற்கு முன் அது நோய். அதை இன்னொருவரை அள்ளச் சொல்வது குற்றம். மக்கிய பின் அது எரு. வீட்டுக்காரரே மண்வெட்டி எடுத்து அள்ளலாம்.

கையுறையும் காலணியும் போட்டுக்கொண்டு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவி, மரத்தடியிலும் வாழைக்கன்றின் குழியிலும் அந்த எருவை இடலாம். பச்சையாகத் தின்னும் வெங்காயம், முள்ளங்கிப் பாத்திக்கு மட்டும் வேண்டாம்.

எடோ விவசாயி முள்ளங்கி கொடுத்து அந்தச் செல்வத்தை வாங்கினார். இன்று அதற்குக் காசு வேண்டியதில்லை. ஓராண்டுப் பொறுமையும், தன் வீட்டுக் குழியைத் தானே திறக்கும் மனமும் இருந்தால் போதும். இரண்டில் எது அரிது என்பதை அவரவர் வீட்டுக் கொல்லைப்புறம் சொல்லும்.