குதிக்கிற நாயிடம் பத்து நிமிடம்

காப்பகத்தின் கேட்டைத் திறந்ததுமே குரைப்புச் சத்தம் காதை அடைத்தது. மூன்றாவது கூண்டில் கருப்பட்டி நிறத்தில் ஒரு பெண் நாய், கம்பி வலையில் முன்னங்கால்களை ஊன்றி எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தது. தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்தது. வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடியது. எனக்கு முன்னால் போன குடும்பம் ஒரு நொடி நின்றது. "ஐயோ, ரொம்பத் துறுதுறுன்னு இருக்கே, நமக்குச் சரிப்படாது" என்று அந்த அம்மா சொல்ல, எல்லோரும் அடுத்த கூண்டில் சுருண்டு கிடந்த குட்டியிடம் போய்விட்டார்கள்.

"எத்தனை மாசமா இருக்குண்ணா இது?" என்று அங்கே வேலை பார்ப்பவரிடம் கேட்டேன்.

"ஏழு மாசம் ஆச்சும்மா. வர்றவங்க எல்லாரும் இவளைத்தான் முதல்ல பாப்பாங்க, அப்புறம் தாண்டிப் போயிடுவாங்க. கடிக்கிற சுபாவமே கிடையாது. ஓடணும் அவளுக்கு, அவ்வளவுதான்."

அவர் கழுத்துப்பட்டையில் கயிற்றை மாட்டி, பின்புறத்தில் இருந்த காலி இடத்துக்குக் கூட்டி வந்தார். முதல் இரண்டு நிமிடம் என் தோள்பட்டை கழன்றுவிடும் போல இழுத்தாள். பிறகு மூக்கு தரையில் இறங்கியது. வேப்பமரத்தடி, உடைந்த செங்கல், யாரோ விட்டுப்போன செருப்பு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக முகர்ந்தாள். பத்தாவது நிமிடம் என் பாதத்தின் மேல் உட்கார்ந்து, முழங்காலில் முழு எடையையும் சாய்த்து, பெருமூச்சு விட்டாள். வலைக்குள் குதித்த அதே நாய்தான்.

நாய் தத்தெடுக்கப் போகிற எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இந்தப் பத்து நிமிடத்தைத்தான். நாளின் பெரும்பகுதியைச் சில அடி இடத்துக்குள் கழிக்கிற நாய், ஆளைக் கண்டதும் குதிக்காமல் என்ன செய்யும்? சுற்றிலும் ஓயாத சத்தம், மனிதக் கை படுவது எப்போதோ ஒரு முறை. அதே மாதிரிக் கூண்டில் மூலையோடு மூலையாகப் படுத்திருக்கும் நாயைச் 'சாது' என்று நினைத்துவிடுகிறோம். பல நேரம் அது பயத்தில் உறைந்திருக்கும். வீட்டுக்கு வந்து பயம் தெளிந்த பிறகுதான் அதன் உண்மையான குணம் தெரியவரும். குதிக்கிற நாயோ தன்னை ஒளிக்காமல் காட்டுகிறது: எனக்கு மனிதர்களைப் பிடிக்கும், எனக்கு வேலை வேண்டும்.

தெருநாய்கள் விஷயத்தில் சென்னைக்கு ஒரு நீண்ட கதை உண்டு. விமானியான கேப்டன் வி. சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் மகன் சின்னி கிருஷ்ணாவும் 1959-ல் தொடங்கியதுதான் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுகொண்டிருந்த ஊர் இது. அப்படிக் கொன்றும் எண்ணிக்கை குறையவில்லை. கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும்தான் வழி என்று அந்த அமைப்பு பல பத்தாண்டுகள் விடாமல் சொன்னது. மாநகராட்சி 1996-ல் அந்தப் பாதைக்கு வந்தது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001-ல் வந்தன. இன்று தெருவில் காதோரம் சின்ன வெட்டோடு திரியும் நாயைப் பார்த்தால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் காப்பகங்களில் இடம் எப்போதும் போதுவதில்லை. அடிபட்டது, கைவிடப்பட்டது, வாடகை வீடு மாறும்போது கேட்டில் கட்டிவிட்டுப் போனது என்று வந்துகொண்டே இருக்கும். வருகிறவர்களோ பெரும்பாலும் குட்டி கேட்கிறார்கள், இல்லையென்றால் லாப்ரடார் இருக்கிறதா என்கிறார்கள். ஒரு வயது தாண்டிய, துறுதுறுப்பான நாட்டு நாயைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. நம் வெயிலுக்கும் ஈரக்காற்றுக்கும் பழகிய உடம்பு, அளவான ரோமம், சட்டென்று கற்றுக்கொள்ளும் புத்தி. பனிப்பிரதேச ஹஸ்கியை வாங்கி ஏசி அறையில் அடைக்கிற ஊரில் இவளுக்கு ஏழு மாதக் கூண்டு.

'கருப்பட்டி' என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் மூன்று நாள் திகைப்பு, மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்கள் பழகும், மூன்று மாதத்தில்தான் இது என் வீடு என்று நாய் நம்பும் என்று காப்பகத்துக்காரர்கள் சொல்வார்கள். இது ஒரு தோராயக் கணக்குத்தான், ஆனாலும் எனக்குத் தெம்பு கொடுத்தது. முதல் வாரத்தில் இரண்டு ஜோடி செருப்பு, சோபாவின் ஒரு கை, அம்மா காயப்போட்டிருந்த பருத்திப் புடவை எல்லாம் போயின. ஆறாம் நாள் ராத்திரி, திருப்பி விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். அம்மாதான், "ஏழு மாசம் அடைஞ்சு கிடந்த பொண்ணுடி, ஏழு நாள்ல சரியாயிடுமா?" என்றாள். நாய் என்றால் எதிர்ப்பக்கத்துக்குப் போய் நடக்கிற அம்மா.

தவறு என் பக்கம் இருந்தது. காலையில் பதினைந்து நிமிடம் தெருவில் இழுத்துக்கொண்டு போய்விட்டு வந்தால் போதும் என்று இருந்தேன். பிறகு ஐந்தரை மணிக்கே கிளம்பி முக்கால் மணி நேரம் நடந்தோம். அதில் பாதி நேரம் அவள் போக்கில் விட்டேன். ஒரு மின்கம்பத்தை மூன்று நிமிடம் முகர வேண்டுமா, முகரட்டும். நாய்க்கு மூக்கால் செய்கிற வேலையும் நல்ல களைப்பைத் தரும். சாப்பாட்டையும் தட்டில் கொட்டுவதை நிறுத்தினேன். உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டுகளைப் பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடுத்தால், அதை அவிழ்க்க இருபது நிமிடம் எடுத்துக்கொள்வாள். முடித்ததும் ஃபேனுக்குக் கீழே கால் நீட்டித் தூங்கிவிடுவாள்.

மேலே தாவுகிற பழக்கத்துக்கு ஒரே மருந்துதான். தாவினால் திரும்பி நின்றுகொள்வது, நான்கு காலும் தரையில் பட்டதும் குனிந்து தடவிக்கொடுப்பது. அடியும் கத்தலும் வேண்டாம். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் கஷ்டம். என் தம்பி வரும்போதெல்லாம் தாவவிட்டுக் கொஞ்சுவான், மறுநாள் எனக்குப் பழையபடி முதலிலிருந்து.

மற்றவை கறாராகச் செய்ய வேண்டியவை. வெறிநாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் தவறக்கூடாது. நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் நாய்களைக் கொல்லும், அதனால் குளிப்பாட்டும்போது காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடாது. வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சித்திரை வெயிலில் தார் ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்துக்கும் சுடும். மாநகராட்சி உரிமம் எடுத்துவிடுங்கள். அடுக்குமாடியில் நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்காக லிஃப்டில் கயிறில்லாமல் விடுவதும், பக்கத்து வீட்டு வாசலில் கழிய விட்டுவிட்டு வருவதும் எந்த நியாயத்திலும் சேராது.

எல்லா வீட்டுக்கும் இப்படிப்பட்ட நாய் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். காலை எட்டுக்குப் போய் ராத்திரி ஒன்பதுக்கு வருகிறவர்கள் எடுக்க வேண்டாம். தள்ளாத வயதுப் பெரியவர் தனியாக இருக்கும் வீட்டுக்கு, இழுக்காமல் நடக்கிற நடுத்தர வயது நாய்தான் நல்லது. எடுத்துத் திருப்பிவிடுவதைவிட எடுக்காமல் இருப்பது எவ்வளவோ மேல். ஆனால் தினமும் நடக்கிறவர்கள், வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இருப்பவர்கள், அந்த மூன்றாவது கூண்டின் முன்னால் கொஞ்சம் நிற்கலாம்.

போன மாதம் பழைய போர்வைகள் கொடுக்கக் காப்பகத்துக்குப் போனேன். கருப்பட்டியையும் கூட்டிப் போயிருந்தேன். கேட்டுக்கு உள்ளே வரமாட்டேன் என்று கால்களை ஊன்றிக்கொண்டாள். அந்த அண்ணனைக் கண்டதும்தான் ஓடினாள். அவர் முகத்தை நக்கித் தீர்த்தாள். அவளுடைய பழைய கூண்டில் இப்போது ஒற்றைக் காது மட்டும் கறுப்பாக இருக்கும் வெள்ளை நாய். வலையில் கால் வைத்து எம்பிக்கொண்டிருந்தது, சட்டி கவிழ்ந்திருந்தது.

"இவன் நாலு மாசமாம்மா," என்றார் அவர். "நல்லாப் பழகுவான். ஓடணும், அவ்வளவுதான்."