தண்ணீருக்குள் ஒரு நண்டு!

குழந்தைகளே! பருப்பு வேகாததால் ஒரு பள்ளிக்கூடமே பசியோடு காத்திருந்த கதை தெரியுமா?

1990களின் தொடக்கத்தில் வாலாஜாபேட்டை பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தேன். சத்துணவு ஆயா காலை பத்து மணிக்கே பருப்பை அடுப்பில் ஏற்றிவிடுவார். பன்னிரண்டரை மணி ஆகும். பருப்போ கல் மாதிரி கிடக்கும்! பிள்ளைகள் தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். 'பழைய பருப்பைத் தலையில் கட்டிவிட்டான்' என்று கடைக்காரரை ஆயா திட்டாத நாளே இல்லை.

ஒருநாள் பள்ளிக் கிணற்று மோட்டார் ரிப்பேர். அடுத்த தெருக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து சமைத்தார். அதே பருப்பு, அதே அடுப்பு. பதினொன்றரை மணிக்கெல்லாம் குழைந்துவிட்டது! குற்றவாளி கடைக்காரர் அல்ல, தண்ணீர்தான் என்று அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

எங்கள் பள்ளிக் கிணற்றில் இருந்தது கடின நீர். பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அதில் கால்சியமும் மக்னீசியமும் நிறையக் கரைந்திருக்கும். பருப்புக்குள்ளே பெக்டின் என்று ஒரு பசை உண்டு. அது சூட்டில் இளகினால்தான் பருப்பு குழையும். கால்சியம் அந்தப் பசையை இறுகப் பிடித்துக்கொள்கிறது. சோப்பையும் விடாது. நுரை வருவதற்குப் பதில் வெள்ளைத் திப்பிதான் மிஞ்சும். வெந்நீர்க் குண்டானின் அடியில் படிகிற வெள்ளை ஓடும் இதன் வேலையே. 1856ல் ராயபுரத்திலிருந்து நம்ம வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியதே, அந்தக் காலத்து நீராவி இன்ஜின்களுக்கும் கொதிகலனில் படியும் இந்த ஓடுதான் பெரிய தலைவலி.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மூடியுள்ள இரண்டு சிறிய பாட்டில்கள் எடுங்கள். ஒன்றில் மழை நீர், மற்றதில் அதே அளவு போர் தண்ணீர். குளிக்கிற சோப்பைச் சீவி மழை நீரில் கரைத்து, இரண்டு பாட்டிலிலும் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். (ஷாம்பு வேண்டாம், அது ஏமாற்றிவிடும்.) நுரை நிலைத்து நிற்க எதற்கு எத்தனை சொட்டு ஆனது? அதிகச் சொட்டு கேட்டதுதான் கடின நீர். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் கிளார்க் என்ற பேராசிரியர் 1841 வாக்கிலேயே இப்படிச் சோப்பை வைத்துக் கடினத்தன்மையை அளந்தார்.

இதைவிடத் துல்லியமாக அளக்க ஒரு நண்டு இருக்கிறது! அதன் பெயர் ஈ.டி.டி.ஏ.

1893ல் ஆல்பிரட் வெர்னர் என்ற 26 வயது விஞ்ஞானி ஒரு புதிய கருத்தைச் சொன்னார். சில சேர்மங்களில் உலோக அணு நடுவில் நிற்கும். மற்ற மூலக்கூறுகள் சுற்றிலும் அதைக் கைபிடித்து நிற்கும் என்றார். இதற்காக 1913ல் நோபல் பரிசும் பெற்றார். அப்படிக் கைபிடிப்பவைக்கு 'ஈனி' என்று பெயர். எல்லாம் சேர்ந்த கூட்டம் 'அணைவுச் சேர்மம்'. உங்கள் ரத்தத்தின் சிவப்பில் இரும்பு இப்படித்தான் நிற்கிறது. இலையின் பச்சையில் மக்னீசியம் நிற்கிறது.

சில ஈனிகளுக்கு ஒரு கைதான் உண்டு. ஈ.டி.டி.ஏ.வுக்கோ ஆறு! ஒரே மூலக்கூறு ஆறு பக்கமும் வளைத்துக் கால்சியத்தைப் பிடித்துவிடும். நண்டு கொடுக்கால் கவ்வுவது போல இருப்பதால் இதைக் 'கொடுக்கிணைப்பு' என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடி போட்ட குழாயைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் இருப்பது இந்த நண்டுதான். ரத்தம் உறையக் கால்சியம் வேண்டும். நண்டு அதைக் கவ்விக்கொண்டால் எப்படி உறையும்?

வெர்னர் வேலை பார்த்த அதே ஜூரிச் பல்கலைக்கழகத்தில், 1940களில் ஸ்வார்சன்பாக் என்பவர் இந்த நண்டை அளவுகோலாக மாற்றினார். நான் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவன். மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியரான நண்பர் ஒருவர்தான் எனக்கு இதைச் செய்து காட்டினார்.

50 மில்லி கிணற்று நீரைக் குடுவையில் எடுத்தார். அம்மோனியா கலந்த கரைசல் கொஞ்சம் ஊற்றினார். பிறகு எரியோகுரோம் பிளாக் டி என்ற சாயம் துளியளவு. தண்ணீர் திராட்சைச் சிவப்பாக மாறியது! சாயமும் ஒரு குட்டி நண்டுதான். அது மக்னீசியத்தைப் பிடித்திருக்கும்வரை சிவப்பு. மேலே பியூரெட்டிலிருந்து பெரிய நண்டு சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. முதலில் தனியாகத் திரியும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடிக்கிறது. எல்லாம் தீர்ந்த பிறகு, குட்டி நண்டின் கையில் இருப்பதையும் பிடுங்கிக்கொள்கிறது. வெறுங்கையான சாயம், ஒரே சொட்டில் நீலமாகிவிடுகிறது! அந்தச் சொட்டைத் தவறவிட்டால் மறுபடி முதலிலிருந்து. நான் இரண்டு முறை தவறவிட்டேன்.

கணக்கு எளிது. 0.01 மோலார் கரைசலில் 1 மில்லி செலவானால், லிட்டருக்கு 20 மில்லிகிராம் கடினத்தன்மை. 18 மில்லி செலவானால் 360. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 200. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளிக் கிணறு, அடுத்த தெருக் கிணற்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நண்டைக் குடித்தது!

நம் பாலாற்றங்கரை ஊர்களில் தண்ணீர் ஏன் இப்படி? பாறையிலேயே கால்சியம் உண்டு. எல்லாப் பழியையும் டேனரிகள் மேல் போட முடியாது. ஆனாலும் தோல் அழுகாமலிருக்க உப்பு, முடி கழியச் சுண்ணாம்பு, பதனிடக் குரோமியம் என்று பலவும் கழிவு நீரில் போய், நிலத்தில் இறங்கின. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதை, 1996 ஆகஸ்ட் 28ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது. கழிவைச் சுத்திகரிக்காத டேனரிகள் இயங்கக் கூடாது என்றும், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்றும் அதில் உத்தரவிட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், தோல் பதனிடுவதும் இதே கைபிடி வித்தைதான்! குரோமியம் தோலின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்கிறது. அதனால்தான் செருப்பு அழுகுவதில்லை. ஆவாரம் பட்டையில் வாரக்கணக்கில் ஊறிய வேலை, குரோமியத்தில் ஓரிரு நாளில் முடிகிறது. குரோமியம் பிடிப்பதும் மெல்ல, விடுவதும் மெல்ல. ஈ.டி.டி.ஏ. நண்டிடம்கூடக் கொதிக்க வைத்தால்தான் சட்டென்று மசியும்.

ஆகவே ஒன்றைக் கவனியுங்கள். நீல நிறம் வந்துவிட்டதால் தண்ணீரில் உப்பு இல்லை, குரோமியம் இல்லை, கிருமி இல்லை என்று அர்த்தமில்லை. அவை ஒவ்வொன்றுக்கும் தனிச் சோதனை உண்டு.

மோட்டார் சரியான பிறகும், பருப்புக்கு மட்டும் அடுத்த தெருத் தண்ணீர்தான். ஆயா தினமும் இரண்டு குடம் கொண்டுவருவார். கடைக்காரரிடம் மட்டும் யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை!