அஞ்சு வயசில் ஜப்பான் மொழி



அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டு என்று ஒரு நகரம். அங்கே ரிச்மண்ட் என்ற அரசுத் தொடக்கப் பள்ளியில் 1989 முதல் ஜப்பான் மொழியில் பாடம் நடக்கிறது. மொழியைத் தனிப் பாடமாகச் சொல்லித் தருவது இல்லீங்க. கணக்கு போன்ற பாடங்களையே அந்த மொழியில் நடத்துகிறார்கள். அரை நாள் ஜப்பான் மொழி, அரை நாள் ஆங்கிலம்.

சேரும் பிள்ளைக்கு அஞ்சு வயசு. பல வீடுகளில் அம்மா அப்பாவுக்கு ஜப்பான் மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

பிள்ளை திருதிருன்னு முழிக்காதா? முழிக்கும். டீச்சர் 'உட்காருங்க' என்று ஜப்பான் மொழியில் சொல்லிக்கொண்டே தானும் உட்கார்ந்து காட்டுவார். படம், பாட்டு, கைஜாடை என்று தினமும் அதே வார்த்தைகள் வரும். சில மாதத்தில் சொன்னது புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். அதற்காகத் திட்ட மாட்டார்கள். நம்ம கைக்குழந்தையும் 'செம்பை எடுத்துட்டு வா' என்றால் எடுத்து வரும். 'செம்பு' என்று சொல்லப் பல நாள் ஆகுமே, அதுபோலத்தான்.

எழுத்துதான் கஷ்டம். ஹிரகனா 46, கதகனா 46. அதற்கு மேல் கஞ்சி என்ற பட எழுத்துகள். (குடிக்கிற கஞ்சி இல்லீங்க!) ஜப்பானில் ஆறாம் வகுப்பு முடிப்பதற்குள் 1,026 கஞ்சி படிக்க வேண்டும். வாக்கியம் மட்டும் நமக்குச் சுலபம். நம்மைப் போலவே 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்று வினை கடைசியில் வரும். ஆங்கிலப் பிள்ளை அதைத் திருப்பிப் போட்டுப் பழக வேண்டும்.

இந்த முறை பரவக் காரணம் பெற்றோர் கூட்டம்தான். கனடாவில் மாண்ட்ரியல் பக்கம் செயின்ட் லாம்பர்ட் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் கூடிப் பேசி, பிள்ளைகளுக்குப் பிரெஞ்சில் பாடம் வேண்டும் என்று கேட்டார்கள். கல்வி வாரியம் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களும் விடவில்லை. 1965 செப்டம்பரில் வகுப்பு தொடங்கியது.

சரி, சொந்த மொழி கெட்டுப் போகாதா? போர்ட்லாண்டில் இடத்துக்குப் போட்டி அதிகம் என்பதால் குலுக்கல் போடுகிறார்கள். ஜப்பான், சீனம், ஸ்பானிஷ் என்று இப்படிப் படிக்க இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காத பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2015-இல் ஆய்வு முடிவு வந்தது. இடம் கிடைத்தவர்கள் ஆங்கில வாசிப்பிலேயே அஞ்சாம் வகுப்பில் 7 மாதம், எட்டாம் வகுப்பில் 9 மாதம் முன்னால் இருந்தார்கள்.

இதைக் கேட்டுவிட்டு 'அப்போ எல்.கே.ஜி.யிலேயே இங்கிலீஷ் மீடியம் போட்டது சரிதான்' என்று நினைத்துவிடாதீங்க. அங்கே வகுப்பில் பல பிள்ளைகள் ஒண்ணுமே தெரியாமல்தான் தொடங்குகின்றன. பிள்ளை பேசும் மொழி டீச்சருக்குப் புரியும். தாய்மொழியில் எழுதப் படிக்க அரை நாள் இருக்கிறது. நம் பக்கம் தமிழில் பேசினால் ஃபைன் போடுகிற பள்ளியும் உண்டு. அங்கே போகிற பிள்ளை வாயையே மூடிக்கொள்கிறது. ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: தமிழுக்கு வாரத்தில் எத்தனை பீரியட்? புரியலைன்னு பிள்ளை தமிழில் கேட்டால் டீச்சர் பதில் சொல்வாரா?

'எனக்கு இங்கிலீஷ் தெரியாதே' என்று தயங்கும் அம்மாக்களுக்கு ஒன்று. போர்ட்லாண்டு அம்மாவுக்கும் ஜப்பான் மொழி தெரியாது. ராத்திரி தன் மொழியில் கதை படித்துக் காட்டுகிறாள். 'இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குச் சொல்லு' என்று கேட்டு, பிள்ளையையே டீச்சர் ஆக்கிவிடுகிறாள்.