அழித்த பிறகும் அட்டையில் இருப்பவை

விழுப்புரத்தில் திருமணப் புகைப்படம் எடுக்கும் நண்பர் ஒருவர், முகூர்த்த நாள் ஒன்றின் மாலையில் பதற்றத்துடன் அழைத்தார். காலையில் எடுத்த படங்கள் அனைத்தும் அடங்கிய மெமரி கார்டைக் கணினியில் செருகியதும், 'முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்ற அறிவிப்பு திரையில் தோன்றியிருக்கிறது. "மறுபடியும் ஒருமுறை தாலி கட்டச் சொல்ல முடியுமா சார்?" என்று அவர் கேட்டபோது குரல் நடுங்கியது.

அடுத்த வாரம், திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இதற்கு நேர்மாறான காட்சியைக் கண்டேன். ஒரு விண்ணப்பத்தை அச்செடுக்கப் பென் டிரைவை நீட்டினேன். கடைக் கணினியின் முகப்புத் திரையில் யார் யாருடையவோ ஆதார் அட்டைகளும் சாதிச் சான்றிதழ்களும் பட்டாக்களும் மதிப்பெண் பட்டியல்களும் வரிசையாக நின்றன. "சாயங்காலம் எல்லாத்தையும் அழிச்சிடுவோம் சார்" என்றார் கடை இளைஞர். அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால், அழிப்பதாக அவர் நினைப்பது அழிவதில்லை.

இந்த இரு நிகழ்வுகளையும் விளக்கும் அடிப்படை ஒன்றே. மெமரி கார்டோ, பென் டிரைவோ, ஹார்ட் டிஸ்க்கோ, எதுவானாலும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று, நம் படங்களும் ஆவணங்களும் கிடக்கும் இடம். மற்றொன்று, எந்தக் கோப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறித்து வைத்திருக்கும் அட்டவணை. நூலகத்தின் அலமாரிகளையும் நூற்பட்டியலையும் போன்றவை இவை. ஒரு கோப்பை 'டெலிட்' செய்யும்போது கணினி பெரும்பாலும் பட்டியலில் உள்ள பெயரை மட்டுமே அடிக்கிறது. புத்தகம் அலமாரியிலேயே இருக்கும். அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை அதை மீட்டெடுக்க வழியுண்டு. மாறாக, பட்டியல் எழுதப்படும் நேரத்தில் அட்டையை உருவிவிட்டால், புத்தகங்கள் எல்லாம் இருந்தும் எதுவும் இல்லாதது போலக் கணினி திகைத்து நிற்கும்.

என் நண்பருக்கு நேர்ந்தது அதுதான். கேமராவில் எழுதும் விளக்கு அணைவதற்குள் அவசரமாக அட்டையை எடுத்துவிட்டதாகப் பிறகு ஒப்புக்கொண்டார். நல்லவேளையாக, 'ஃபார்மேட்' பொத்தானை அழுத்தவில்லை. அதே அட்டையில் மாலை வரவேற்பைப் படமெடுக்கவும் இல்லை. இந்த இரண்டு பொறுமைகள்தான் படங்களைக் காப்பாற்றின. 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, கிடைத்தவற்றை அதே அட்டையில் அல்லாமல் வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் சேமித்தோம். இம்மென்பொருள் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. அலமாரி அலமாரியாகத் தேடி, ஒரு படத்தின் தொடக்க அடையாளம் தெரிந்தால் அங்கிருந்து அள்ளுகிறது. அதனால் கோப்புகளின் பெயர்கள் மீளவில்லை. எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான படங்களை அவர் இரவெல்லாம் வரிசைப்படுத்தினார். கடைசியில் எடுத்த சில படங்களில் பாதி சாம்பல் நிறமாகவே இருந்தது. தாலி கட்டிய காட்சி கிடைத்துவிட்டது.

'பாதுகாப்பாக வெளியேற்று' என்ற கட்டளையை வெறும் சடங்காக நினைப்பவர்கள் பலர். 2018-இல் வெளிவந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பு முதல், எழுத வேண்டியதைத் தேக்கிவைக்காமல் உடனுக்குடன் எழுதும் முறையே இயல்பாக்கப்பட்டிருக்கிறது. அதன் பிறகும், நகலெடுத்துக்கொண்டிருக்கும்போது உருவினால் எந்தப் பதிப்பும் காப்பாற்றாது. ஜெராக்ஸ் கடைகளில் இருப்பவையோ பெரும்பாலும் பழைய கணினிகள்.

அந்தக் கடைக்கே திரும்புவோம். பட்டா முதல் கல்லூரிச் சேர்க்கைவரை எல்லாமே இணையவழி என்றாகிவிட்ட பின், வீட்டில் அச்சுப்பொறி இல்லாத பெரும்பான்மையோருக்கு அந்தக் கடையே அலுவலகம். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நான் பார்த்த கடைகள்வரை அதன் காற்று வீசவில்லை. ஆகவே, அச்செடுக்க வேண்டிய கோப்பை மட்டும் தனியொரு பென் டிரைவில் கொண்டுசெல்வதும், அதை முகப்புத் திரையில் நகலெடுக்காமல் பென் டிரைவிலிருந்தே திறக்கச் சொல்வதும் நம் பொறுப்பாகிறது. மைக்ரோ எஸ்டி அட்டையாக இருந்தால், அதன் அடாப்டரின் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டைத் தள்ளிவிட்டுக் கொடுக்கலாம். பெரும்பாலான கணினிகள் அதற்குக் கட்டுப்பட்டு எதையும் எழுதா, வைரஸ் உட்பட. பழைய அட்டையை விற்கும் முன், 'குயிக் ஃபார்மேட்' என்பதில் உள்ள குறியை நீக்கிவிட்டு முழுமையாக ஃபார்மேட் செய்ய வேண்டும். நேரம் பிடிக்கும், ஆனால், பட்டியலோடு நில்லாமல் அலமாரிகளையும் அது பூஜ்யங்களால் நிரப்புகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. விழுப்புரத்தில் நண்பரின் ஸ்டுடியோவுக்குள்ளும் வெள்ளம் புகுந்தது. சேற்றில் கிடந்த மெமரி கார்டுகளில் பெரும்பாலானவை, நல்ல தண்ணீரில் அலசி நன்றாக உலர்த்திய பின் வேலை செய்தன. அவற்றில் சுழலும் பாகங்கள் இல்லை. ஈரத்தோடு செருகிப் பார்க்காததும் நல்லதாயிற்று. பத்தாண்டுப் படங்களைத் தாங்கிய ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைக்கவில்லை.

அட்டைகள் பிழைத்தன என்பதற்காக அவற்றிலேயே படங்களை விட்டுவைக்கவும் முடியாது. நுண்ணிய மின்னூட்டங்களாகவே அவை தரவைத் தாங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் மின்னூட்டம் மெல்லக் கசியும், நம் ஊர் வெயில் அதை விரைவுபடுத்தும். இப்போது நண்பர் மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன்பே படங்களை மடிக்கணினிக்கு மாற்றிவிடுகிறார். மாதம் ஒருமுறை அனைத்தையும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து, பேருந்தேறிப் போய்த் திண்டிவனத்தில் தன் அக்கா வீட்டு மாடி அலமாரியில் வைத்துவிட்டு வருகிறார்.